உப்புப் பூத்த தரை

யானையைக் கப்பலிலிருந்து இறக்கிய வாரம் அது. எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்தத் தீவுக் காட்டில் மரம் இழுக்க மெயின்லாண்டிலிருந்து கொண்டுவந்த யானை. வயிற்றுக்கு அடியில் பட்டை கட்டி, கிரேனில் தூக்கி, கப்பல் கட்டுகிற ஜெட்டியில் வைத்தார்கள். கால் தரையில் பட்டதும் அது நின்றதுதான், அசையவில்லை. நாலு நாள் கடலில் ஆடிய காலுக்கு நிலமும் ஆடுகிற மாதிரிதான் இருக்கும். நான் வந்து இறங்கியபோதும் அப்படித்தான் இருந்தது. எனக்குப் பின்னால் பெட்டியோடு ஆட்கள் இடித்துக்கொண்டு வந்ததால் நடந்துவிட்டேன். யானையை இடிக்க யார் இருக்கிறார்கள்? அது நின்ற இடத்துக்குப் பின்னால் எங்கள் மராமத்து ஆபீஸ் என்ஜினியரின் ஜீப் மாட்டிக்கொண்டது. கடைக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். என்ஜினியர் ஹாரன் அடித்தார். யானை திரும்பிப் பார்த்தது, லத்தி போட்டது, மறுபடியும் கடலைப் பார்த்து நின்றுகொண்டது.

"நம்ம ஆபீசுல அவருக்கு நேருக்கு நேரா பதில் சொன்ன மொத ஆளு இதுதாம்ல" என்றாள் அக்கா.

அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் கல் பங்களா உத்தரவு வந்தது. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவள். அவள் புருஷன் கடலுக்குப் போகிறவன், அவள் எங்கள் கேங்கில் மஜ்தூர், கூலியாள். சின்ன வயதில் கொஞ்சநாள் சாமியார் பள்ளிக்கூடத்திலும், பிறகு நிறைய நாள் உப்பளத்திலும் இருந்தவள். எனக்கு எழுத்து வாசனை கிடையாது. ஊரிலிருந்து பெண்டாட்டி போடும் கடிதத்தை அக்காதான் படித்துச் சொல்வாள்.

"'அன்புள்ள மச்சானுக்கு'ன்னு போட்டிருக்கா. அப்புறம் 'எப்பக் கூட்டிட்டுப் போவீக'ன்னு மூணு தடவ எழுதியிருக்கா. நாலாவது தடவைக்கு இடம் பத்தல. ஓரத்துல செங்குத்தா எழுதியிருக்கா. கழுத்தத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்குல தம்பி."

நான் ராமநாதபுரம் பக்கத்து ஆள். கல்யாணமாகி நாற்பதாம் நாள் கப்பலேறியவன். மாமனார் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: "பெர்மனென்ட் ஆயி, கவர்மெண்டு வீட்டுச் சாவி ஒங்க கைக்கு வரட்டும், மாப்பிள்ளை. அன்னைக்கு எம் மகளைக் கப்பலேத்துறேன். இருபது பேரு படுக்கிற கொட்டாய்க்கு அனுப்ப மாட்டேன்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் கொட்டாயில் இருபத்து மூன்று பேர் படுத்திருந்தோம்.

நான் தற்காலிக மஜ்தூர். காலையில் பேர் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. ஆறு வருஷமாக ஒருநாள் விடாமல் கூப்பிட்டார்கள். ஆறு வருஷமாகத் தற்காலிகம். ஆபீஸ் மேசைக்கு ஒரு கால் உடைந்து, செங்கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தச் செங்கல்லும் தற்காலிகம்தான். எனக்கு முன்னாலேயே வந்தது அது.

இனி பங்களா. அந்தக் காலத்தில் இந்தத் தீவில் எல்லாம் மரம். சுவர் மரம், தரை மரம், வாசற்படி மரம். எங்கள் ஆபீஸுக்குத் தரை என்றாலே இந்தத் தீவில் விளைகிற சிவப்பு படாக் மரம்தான். மழை விட்டதும் வருஷத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுத் தரையையும் கழுவி, காயவிட்டு, லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய் தேய்ப்போம். உள்ளறை, வராந்தா, வெளிப்படி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். மரத்துக்கு அது சரி. மழையில் மரம் உளுத்துப்போகாமல் இருக்கும்.

ஊரிலேயே ஒரு பங்களா மட்டும் கல். மேட்டில், கடலைப் பார்த்தபடி. முன்னே இருந்த எந்த ஆபீஸரோ, மரத்தரையில் நடந்தால் சத்தம் வருகிறது, தூக்கம் கெடுகிறது என்று கடப்பாக் கல்லைக் கப்பலில் வரவழைத்துப் பதித்திருந்தார். கல் வந்து பதித்து முடிந்த மாதம் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது என்று சொல்வார்கள். உள்ளே மூன்று அறை, வெளியே வராந்தா, ஒரு முற்றம், இறங்க ஏழு படி. எல்லாம் கறுத்த கல். பெரிய மனிதர்கள் வந்தால் தங்குகிற இடம். யாரும் வராததால் உள்ளே தூசியும் வெளியே பாசியும் தங்கியிருந்தன.

திங்கட்கிழமை காலை ஓவர்சீயர் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். அவர் திருச்சிப் பக்கம். கையில் குடை, வெயிலிலும் மடக்கியபடியே வைத்திருப்பார்.

"டெல்லியிலேருந்து பெரிய சாப் வர்றாரு. மேம்சாபும் வர்றாங்க. பதினெட்டு நாள்தான் இருக்கு. கல் பங்களாவுல தரையப் பாத்தா மொகம் தெரியணும்."

"யாரு மொகம் சார்?" என்றாள் அக்கா.

"எவன் பாத்தாலும் தெரியணும்மா. உத்தரவு."

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யோவ், பெர்மனென்டுக்கு மூணு பேரு மேலிடத்துக்குப் போகுது. நீ நாலாவதா இருக்கே. தரை பளபளன்னு வந்தா உன்னைய மூணாவதாத் தூக்கி வெச்சுருவேன். சமஜ் கயா?"

நன்றாகப் புரிந்தது. அன்றைக்கே கனவில் சாவியைப் பார்த்தேன். பித்தளைச் சாவி.

முதல் நாலு நாள் பாசி. கல்லில் பாசி சுரண்ட இரும்பு எடுக்கக் கூடாது, கோடு விழும். மூங்கிலைச் சப்பையாகச் சீவிக்கொள்வோம். மேலே சுரண்டி, அப்புறம் தேங்காய் மட்டையால் தேய்த்தால் வரும். சந்துக்குள் இருப்பதைக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். அதைக் கொஞ்சம் விட்டாலும் ஆவணியில் மறுபடி முளைத்துவிடும். உள்ளறையில் பாசி இல்லை, ஆனால் யாரோ பழைய மெழுகு தேய்த்துத் தேய்த்து அழுக்கோடு ஒட்டிக் கிடந்தது. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றி, ஊறவைத்து, தேய்த்து எடுத்தோம். எலுமிச்சை, புளி எதையும் பக்கத்தில் விடவில்லை. ஒரு பண்டிகைக்கு முந்தின நாள் அங்கே யாரோ பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்கி, சாறு சிந்தின இடத்தில் கல் செத்துப் போயிருந்தது. விளக்கின் அடி வட்டம் இன்னும் இருக்கும்.

அலசத் தண்ணீர் வேண்டும். அங்கேதான் வந்தது வினை. அது மழை இல்லாத மாதம். குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் தண்ணீர். குடத்தோடு ஜனங்கள் சூரியன் கிளம்புமுன் வரிசையில் நிற்பார்கள். வங்காளி, தெலுங்கன், மலையாளி, நாங்கள் எல்லோரும் அந்த வரிசையில்தான் ஹிந்தி கற்றுக்கொண்டோம். முதலில் வந்தது கெட்ட வார்த்தைகள்.

"சார், அலசக் குழாயில தண்ணி வர்ற ரெண்டு நாள் வேணும்" என்றேன்.

"தரை கழுவ குழாய்த் தண்ணியா? ஊரு என்னையக் கல்லால அடிக்கும்." ஓவர்சீயர் குடையைக் கடலை நோக்கி நீட்டினார். "அங்க பாரு. அவ்வளவு பெரிய கடலு சும்மா கெடக்கு. எடுத்து ஊத்து."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சார், நான் உப்பளத்துல வேல பாத்தவ. உப்புத்தண்ணி கல்லுக்குள்ள போயிட்டா ஒருநா வெளிய வரும். வரும்போது சும்மா வராது, பூத்துக்கிட்டு வரும். எங்கூரு சொவரெல்லாம் அப்படித்தான் அடியில உதிரும்."

"அது சொவரு. இது கடப்பாக் கல்லு. கப்பல்ல நாலு நாள் கடல் மேலயே வந்த கல்லு. அதுக்கு உப்புப் பழக்கம் இல்லையா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கும் விஷயம் தெரியும். எங்கள் ஊரும் கடலுக்குப் பக்கம்தான், உவர் ஏறின சுவரைப் பார்த்து வளர்ந்தவன். வாயைத் திறந்தேன். ஓவர்சீயர் என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல், மூன்று விரலைக் காட்டினார். அப்புறம் நாலு விரலைக் காட்டினார். எது வேண்டும் என்பது போலப் புருவத்தைத் தூக்கினார்.

வாயை மூடிக்கொண்டேன். சர்வீஸ் முடிகிறவரை உப்பு விஷயத்தில் அதை ஆபீஸில் திறக்கவில்லை.

மண்ணெண்ணெய் டின்னைக் காவடி மாதிரிக் கட்டி, கடலுக்கும் மேட்டுக்கும் இரண்டு நாள் நடந்தோம். கல் அப்படிக் குடித்தது. வெயில் காலத்துக் கல்லுக்குத் தாகம். மூன்றாம் நாள் பார்த்தால் மேலே காய்ந்திருந்தது. கல்லில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்ப்பது வழக்கம். துளி உள்ளே போனால் கல் எண்ணெய்க்குத் தயார், முத்து மாதிரி நின்றால் வேண்டாம் என்று அர்த்தம். துளி போனது. ஆனால் அந்தச் சோதனை தண்ணீரைத்தான் சொல்லும், உப்பைச் சொல்லாது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் உப்பு தானே மேலே வந்திருக்கும். துடைத்துத் தள்ளியிருக்கலாம். எங்களிடம் பத்து நாள் இல்லை.

எண்ணெய் வந்தது. மரத்துக்கு எவ்வளவோ அதே அளவு. மரம் குடம் குடமாகக் குடிக்கும். கல்லுக்கு எண்ணெயைச் சுடவைத்து, டர்பன்டைன் கலந்து நீர்க்கவைத்து, துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசி, கால் மணி கழித்து மிச்சத்தை வழித்துவிட வேண்டும். மறுநாள் மறுபடி. எல்லாம் எனக்கு விரலுக்குத் தெரியும். மிச்ச எண்ணெயை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"மிச்சம்னு கணக்குல எழுத முடியாதுய்யா. வெளிய ஊத்து. முற்றம் இருக்கு, படி இருக்கு" என்றார் ஓவர்சீயர்.

"சார், வெளிக் கல்லுக்கு எண்ணெய் ஆகாது. ஒரு மழை பேஞ்சா..." என்றேன்.

"இந்த மாசத்துல ஏதுய்யா மழை? உத்தரவுல தரைன்னு போட்டிருக்கு. படியில நடக்குறியா, பறக்குறியா? நடந்தா அதுவும் தரைதான்."

ஏழு படிக்கும் எண்ணெய் தேய்த்தோம். எண்ணெய்த் துணியை எல்லாம் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு, சாப்பிடப் போனோம். லின்சீட் எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறிப் புகையும், அது வேறு விஷயம், பலருக்குத் தெரியாது. விரித்துத்தான் காயப்போட வேண்டும். நாங்கள் திரும்பி வந்தபோது புகைந்துகொண்டிருந்தது. பங்களாவுக்குக் காவல் இருந்த சௌகிதார், ராஞ்சிக்காரன், நல்ல மனிதன், கையிலிருந்த கெட்டில் டீயை அதன்மேல் ஊற்றி அணைத்தான். குழாய்த் தண்ணீர் இல்லாத ஊரில் டீதான் தீயணைப்பு.

ஆனால் சொல்ல வேண்டும், அன்றைக்கு அந்தத் தரையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கறுப்புக் கண்ணாடி. ஓவர்சீயர் சீப்பை எடுத்து, குனிந்து, தரையைப் பார்த்துத் தலை சீவினார்.

"மூணாவது" என்றார் என்னிடம்.

அக்காவிடம் சொல்லி ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பெட்டி கட்டச் சொல்லி.

கப்பல் கடிதத்தோடு போன மூன்றாம் நாள் காலை சௌகிதார் ஓடிவந்தான். "பாயி, ஃபர்ஷ் பர் தூத் கிரா" என்றான். தரையில் யாரோ பாலைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். போய்ப் பார்த்தேன். பால் இல்லை. கறுத்த கல்லில் வெள்ளை வெள்ளையாக, ஓரம் சுருண்டு சுருண்டு, எண்ணெய்க்கு அடியிலிருந்து உப்பு கிளம்பி வந்திருந்தது. தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய் தொட்டதும் மறைந்தது. சாயங்காலம் மறுபடி வந்தது. இந்தமுறை அண்ணன் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது.

ஓவர்சீயர் வந்தார். குடை நுனியால் ஒரு கல்லைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?" என்றார்.

"கப்பல்ல வந்த கல்லு சார், கடல் ஞாபகம் வந்திருக்கும்" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரும்மா! யோவ், தேய். சாப் வர்றவரைக்கும் தேய்."

நாலு நாள் தேய்த்தேன். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போய்ச் சேர்வதற்குள் இந்தக் கோடி பூத்துவிடும். என் பேர் மூன்றிலிருந்து நாலுக்கு, நாலிலிருந்து கீழே போய்க்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. ஊரில் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். அக்காகூட அந்த நாலு நாளும் கேலி செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தேய்த்தாள்.

"வேலயே போனாலும் எம் புருஷன் வள்ளத்துல ஒனக்கு ஒரு பலகை இருக்கு தம்பி" என்றாள். எனக்குக் கடல் என்றால் குமட்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆறுதலுக்குச் சொன்னாள்.

சாப் வருகிற அன்று காலை, அந்த மாதத்தில் பெய்யவே பெய்யாத மழை, பத்து நிமிஷம் பெய்துவிட்டுப் போனது.

ஜீப்கள் வந்து மேல்வாசலில் நின்றன. அங்கிருந்து ஏழு படி இறங்கித்தான் முற்றத்துக்கு வர வேண்டும். வழிகாட்டுகிற மரியாதைக்காக என்ஜினியர் முன்னால் வந்தார். அவர் இறங்கியது ஏழு படி, மிதித்தது ஒரு படி. பைலைக் கையில் விடாமல் பிடித்தபடியே முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். பின்னால் வந்த டெல்லி குமாஸ்தா அவரைத் தூக்க ஓடிவந்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஓவர்சீயர் குடையை ஊன்றினார். குடை வழுக்கியது. பெரிய சாபையும் மேம்சாபையும் சௌகிதார் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் பிடித்து, வெறுங்காலால் ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தான்.

உள்ளே வந்தார்கள். நானும் அக்காவும் பின்கதவில் சாக்குத் துணியோடு நின்றோம். மேம்சாப் இரண்டடி வைத்தார், நின்றார், தரையைப் பார்த்தார். அறை முழுக்க வெள்ளை. ஒரு கல் விடாமல் பூத்திருந்தது.

"யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார்.

என்ஜினியர் ஓவர்சீயரைப் பார்த்தார். ஓவர்சீயர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவர்சீயரும் அங்கே பார்த்தார். வேறு ஒன்றும் தோன்றாமல், "சமுந்தர் கா காம் ஹை, மேம்சாப்" என்றார். கடலோட வேலை. அவர் சர்வீஸில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மேம்சாப் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. ராத்திரிக் கடலில் நுரை மிதக்கிற மாதிரி இருக்கிறதாம். டெல்லியில் எத்தனையோ மாளிகை பார்த்திருக்கிறாராம், இப்படி ஒரு தரை பார்த்ததில்லையாம். இதைச் செய்த கலைஞன் யார்?

ஓவர்சீயர் என் முதுகைப் பிடித்து முன்னே தள்ளினார். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு மேம்சாப் முன்னால் நின்றேன். அவர் கை கூப்பினார். நானும் கூப்பினேன். பெரிய சாப் என்ஜினியரிடம், இந்தத் தீவுக்கு என்று ஒரு தனி வேலைப்பாடு இருப்பது நமக்குத் தெரியாமல் போய்விட்டதே, மற்ற பங்களாக்களிலும் ஏன் செய்யக் கூடாது என்றார். என்ஜினியர், அடுத்த திட்டத்திலேயே அது இருக்கிறது சார் என்றார். உட்கார்ந்து எழுந்த ஈரம் அவர் பேண்டில் இன்னும் காயவில்லை.

அப்புறம் நடந்தது கேளுங்கள். என் பேர் மூன்றாவதாகப் போகவில்லை, முதலாவதாகப் போனது. தரை வேலைக்கு என்றே ஒரு நிரந்தர இடம், அதற்கு நான். செய்முறையைக் காகிதத்தில் ஏற்றினார்கள். ஓவர்சீயர் எனக்குப் படித்துக் காட்டினார்: கடல்நீரால் மூன்று முறை அலசவும், இரண்டு நாளுக்கு மேல் உலர விடக் கூடாது, மரத்துக்குரிய அளவில் எண்ணெய். அக்கா அதைக் கேட்டு, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வெளிப்படிக்கும் தீர்வு கண்டார்கள். எண்ணெயை எடுப்பதா? அது உத்தரவுக்கு விரோதம். சௌகிதாரை அங்கேயே நிறுத்தினார்கள். வருகிறவர்களைக் கைபிடித்து இறக்குவது, ஏற்றுவது அவன் வேலை. மழைக்காலத்தில் அவனுக்குத் துணையாக இன்னொரு ஆள். வருஷா வருஷம் படிக்கு எண்ணெய் தேய்ப்போம், வருஷா வருஷம் அவர்கள் கை பிடிப்பார்கள்.

சாவி வந்தது. பித்தளை இல்லை, இரும்பு. ஒரு அறை, ஒரு சமையல் இடம், மரத்தரை. அவள் வந்தாள். ஜெட்டியில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை, கடலில் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் என்னைத் தெரியவில்லை, நான் கறுத்திருந்தேன். பெட்டியைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன், என் மாமனார் வீட்டுப் பெட்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் செய்த வேலையைக் காட்டப் பங்களாவுக்குக் கூட்டிப் போனேன். சௌகிதார் அவளையும் மேம்சாப் மாதிரியே கைபிடித்து இறக்கினான். உள்ளே வந்து தரையைப் பார்த்தாள். கால் விரலால் ஒரு கல்லைச் சீண்டினாள்.

"ஏங்க, உவர் பூத்துக் கெடக்கு?"

"ஆமா."

"எங்கப்பன் வீட்டு மாட்டுக் கொட்டாய் இப்படித்தான் இருந்துச்சு. செம்மண்ணு அப்பி உவர எடுத்தோம்." கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "இதுக்கா ஒங்களுக்கு பெர்மனென்ட் குடுத்தாக?"

"இதுக்குத்தான்."

சிரிக்க ஆரம்பித்தாள். வராந்தாவில் உட்கார்ந்து சிரித்தாள். ஆறு வருஷத்துக்கும் சேர்த்துச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். சிரித்து முடித்து, "யார்கிட்டயும் சொல்லித் தொலச்சிராதீக" என்றாள்.

சொல்லவில்லை. வண்டூர்ப் பக்கம் ஒரு பங்களா, இன்னும் இரண்டு இடம், எல்லாவற்றுக்கும் கல் வரவழைத்து, நல்ல மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர் ஆறாக ஓடும்போது, நான் கடலிலிருந்து டின்னில் சுமந்து வந்து ஊற்றினேன். வேலை தெரிந்தவனுக்கு வேலையைக் கெடுத்துச் செய்வது லேசில்லை. கை தானாகச் சரியாகப் போகும், பிடித்துத் திருப்ப வேண்டும்.

ஒருதடவை மட்டும் பொறுக்கவில்லை. கல் பங்களாவில் கதவுக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு கல்லை, அவள் சொன்ன மாதிரி, சோடாவால் எண்ணெயை எடுத்து, மழைத்தண்ணீரில் குழைத்த செம்மண்ணை அப்பி, காய்ந்ததும் சுரண்டி, மறுபடி அப்பி, ஐந்து தடவை உப்பை இழுத்தேன். காயவிட்டு மெல்லிசாக எண்ணெய் தொட்டேன். கறுப்பு வைரம் மாதிரி வந்தது. ஒரு வாரம் ஆனது, பூக்கவில்லை. ஓவர்சீயர் வந்து பார்த்தார்.

"யோவ், இந்தக் கல்லு மட்டும் ஏன்யா கெட்டுப் போச்சு? உடனே சரி பண்ணு."

உப்புத்தண்ணீர் ஊற்றிச் சரி பண்ணினேன்.

போகப் போகக் கல் ஏடு ஏடாக உரியத் தொடங்கியது. உப்பு சும்மா இருக்காது, உள்ளே கிடந்து கல்லைத் தூக்கும். உரிந்த ஏட்டைக் காலையில் கூட்டி அள்ளுவோம். வந்த பெரிய மனிதர்களில் சிலர் அதில் ஒரு துண்டை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பொய் சொல்ல மாட்டேன். அந்த மூன்று விரலை யாராவது மறுபடி காட்டினால் மறுபடியும் வாயை மூடிக்கொள்வேன். அவள் இங்கே இருக்கிறாள், கராச்சர்மாவில் சொந்த வீடு இருக்கிறது, பிள்ளைகள் பிறந்தது எல்லாம் கவர்மெண்டு கொடுத்த அந்த ஒரு அறையில்தான். ஆனால் அந்தக் கல் என்ன பாவம் செய்தது? ரிட்டையர் ஆகிவிட்ட என்னை இப்போது நாலாவதாக்க யாராலும் முடியாது. நேற்றுக்கூட அவள்தான் சொன்னாள், "கேக்க வந்திருக்காகள்ல, சொல்லித் தொலைங்க" என்று. முன்பு சொல்லாதே என்றவளும் அவள்தான்.

அந்தப் பங்களாக்களில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் நாலு இடம் போகிறவர், பார்த்தால் இதைச் சொல்லிவிடுங்கள். அது வேலைப்பாடு இல்லை, உப்பு. பழைய எண்ணெயைச் சோடாவில் எடுத்துவிட்டு, செம்மண் அப்பி, உப்பு வருவது நிற்கும்வரை இழுக்கச் சொல்லுங்கள். தை, மாசியில் செய்யட்டும். நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் கழுவாமலே இருக்கட்டும், அழுக்குக் கல்லைக் கொல்லாது. உள்ளே எண்ணெய் மெல்லிசாகப் போதும். வெளியே எண்ணெயே வேண்டாம், மூங்கிலும் மட்டையும் போதும். ஆனால் நீங்கள் போனதும் படியில் நின்றே முதலில் இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மற்றதை எல்லோரும் பத்திரமாக இறங்கி வந்த பிறகு சொல்லலாம்.